ஆங்கில வகுப்பில் கவிதையும் நாடகமும்: மலையகப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஹட்டன் பக்கத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் இந்தப் பாடத்தை எடுக்கும் பிள்ளைகளும், சில சமயம் அவர்களுடைய அம்மா அப்பாவும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் எடுத்துக்காட்டும் கவிதைகளும் நாடகங்களும் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கவேண்டும் என்றில்லை. பாடத்திட்டம் மாறும். வாசிக்கிற முறை ஒன்றுதான்.

இங்லீஷ் நன்றாக வருகிறவர்கள்தான் இந்தப் பாடத்தை எடுக்கலாமா?

இல்லை. எல்லாரும் படிக்கும் கட்டாய ஆங்கிலம் வேறு, இது வேறு. சாதாரண தரத்தில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் இருக்கிற அதே தொகுதியில் இருந்து நீங்களாகத் தெரிவு செய்கிற பாடம் இது. சரளமாகப் பேசுகிற பிள்ளை ஒரு கவிதையை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு "புரிந்துவிட்டது" என்று மூடிவைப்பதையும், தட்டுத் தடுமாறி வாசிக்கிற பிள்ளை ஒரு சொல்லில் நின்று "ஏன் டீச்சர் இந்தச் சொல்?" என்று கேட்பதையும் பார்த்திருக்கிறேன். இந்தப் பாடத்துக்கு வேண்டியது இரண்டாவது பழக்கம். தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் கற்பிக்க ஆள் இல்லாததால் பாடமே கிடைப்பதில்லை. அது வேறு பிரச்சினை. அதைப் பிள்ளையின் திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

"அனலைஸ் பண்ணு" என்று கேட்கிறார்கள். கதையைச் சொன்னால் போதாதா?

போதாது. ஏன் என்று நம்முடைய பாட்டு ஒன்றை வைத்தே பார்ப்போம்.

கூனி அடிச்ச மலை
கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

இடத்துக்கு இடம் ஓரிரு சொல் மாறும். "கோப்பித் தோட்டத்தில் வேலைசெய்தவர்களின் துயரத்தை இந்தப் பாட்டு சொல்கிறது" என்று எழுதினால் அது சுருக்கம். பிழை ஒன்றும் இல்லை, ஆனால் பகுப்பாய்வு இன்னும் தொடங்கவில்லை.

இப்போது பாருங்கள். முதல் மூன்று அடியும் "மலை" என்றே முடிகின்றன. முதல் இரண்டு அடியில் வருவது வேலை. மூன்றாவது அடியும் அதே அமைப்பில், அதே தாளத்தில் வருகிறது. ஆனால் அதில் இருப்பது வேலை இல்லை, அண்ணன். கன்று போட்டதும் அண்ணனை இழந்ததும் ஒரே வரிசையில், ஒரே தொனியில் சொல்லப்படுகின்றன. எங்கேயும் "ஐயோ" இல்லை. நாலாவது அடியில் மலை என்ற சொல்லே இல்லை. காட்டுகிற விரல் மட்டும் இருக்கிறது. விரல் இருந்தால் பார்க்கிறவரும் இருக்கவேண்டும். யார் அது? அண்ணனைப் பார்த்திராத பிள்ளையா, புதிதாக வந்து சேர்ந்தவரா? இதை எழுதத் தொடங்கிய இடத்தில்தான் பகுப்பாய்வு தொடங்குகிறது. கோப்பியை 1869இல் தொடங்கிய இலைநோய் அழித்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது என்ற வரலாற்றுச் செய்திக்கு ஒரு வரி போதும். அதையே ஒரு பக்கம் எழுதினால் வரலாற்றுப் பாடத்துக்குப் போய்விடுவீர்கள்.

இதே கண்ணோடு வில்லியம் பிளேக் 1789இல் வெளியிட்ட புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் கவிதைக்கு வாருங்கள். லண்டனில் ஒடுக்கமான புகைபோக்கிகளுக்குள் ஏறித் துடைக்கச் சின்னப் பையன்களை அனுப்பினார்கள். கவிதையில் பேசுகிற பையன், அம்மா செத்துப்போனபின் அப்பா தன்னை விற்றுவிட்டார் என்கிறான். அப்போது அவனுக்கு நாக்குக்கூடத் திரும்பவில்லை. துடைக்கிறேன் என்று தெருவில் கூவ "ஸ்வீப்" என்று சொல்லவேண்டும். அவன் வாயில் வருவது "வீப்". அழு என்று பொருள். ஒரு மழலைப் பிழைக்குள் முழுக் குற்றச்சாட்டையும் வைத்துவிட்டார் பிளேக். உடனே அடுத்த வரியில் "உங்கள் புகைபோக்கிகளை" என்கிறான் பையன். ஊர்ப் புகைபோக்கிகள் இல்லை, பணக்காரர் புகைபோக்கிகளும் இல்லை. "உங்கள்." கவிதையை வாசித்துக்கொண்டிருக்கிறவர் வீட்டுப் புகைபோக்கி.

கடைசி வரியில், எல்லாரும் தம் கடமையைச் செய்தால் எந்தத் தீங்குக்கும் பயப்படவேண்டியதில்லை என்று அவன் முடிக்கிறான். "நல்ல அறிவுரையோடு கவிதை முடிகிறது" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். யார் கடமை? அப்பா செய்தாரா? வேலைக்கு வாங்கியவர் செய்தாரா? சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பையன் அப்படியே ஒப்பிக்கிறான். அவன் அதை நம்புகிறான் என்பதுதான் நம்மைச் சுடுகிறது. இந்த ஒன்றைச் சரியாக எழுதினால் ஐரனி (சொல்வது ஒன்று, உணர்த்துவது வேறு) என்ற சொல்லை எழுதாவிட்டாலும் புள்ளி வரும்.

அப்படியென்றால் உத்திகளின் பெயர்கள் வேண்டாமா?

வேண்டும், ஆனால் பெயரோடு நிற்கக்கூடாது. "இதில் சிமிலி, மெட்டஃபர், பர்சனிஃபிகேஷன், அலிட்டரேஷன் உள்ளன" என்று உவமை, உருவகம் போன்ற உத்திகளின் பெயர்களை வரிசையாக எழுதிய விடைத்தாள் எந்தக் கவிதைக்கும் பொருந்தும். எந்தக் கவிதைக்கும் பொருந்துகிற வாக்கியத்தை வெட்டிவிடுங்கள்.

கவிதையில் "நான்" என்று வந்தால் அது கவிஞர்தானே?

எல்லா நேரமும் இல்லை. இந்த இடத்தில் தமிழ் படித்த பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது என் பெரிய குறை. சங்க அகப்பாட்டை வாசிக்கும்போது முதலில் என்ன கேட்பீர்கள்? யார் கூற்று என்றுதானே? தலைவி கூற்றா, தோழி கூற்றா, யாரிடம் சொல்கிறாள், எந்தச் சூழலில்? "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்ற குறுந்தொகைப் பாட்டில் பேசுவது தலைவன். எழுதிய செம்புலப்பெயனீரார் தன் காதலைச் சொன்னார் என்று யாரும் எழுதுவதில்லை. ஆங்கில வகுப்புக்குள் நுழைந்தவுடன் அந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம்.

ராபர்ட் பிரவுனிங் 1842இல் வெளியிட்ட "மை லாஸ்ட் டச்சஸ்" கவிதையை எடுங்கள். 56 வரி, முழுக்க ஒரு பிரபுவின் பேச்சு. இறந்துபோன மனைவியின் ஓவியத்தை ஒருவருக்குக் காட்டுகிறார். அவள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள், தன் குடும்பப் பெயரின் மதிப்பு அவளுக்குத் தெரியவில்லை என்று குறை சொல்கிறார். பிறகு ஒரு வரி: கட்டளை கொடுத்தேன், எல்லாச் சிரிப்பும் ஒன்றாக நின்றது. அவ்வளவுதான். என்ன கட்டளை என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அதற்குப் பிறகுதான், கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் அடுத்த கல்யாணம் பேசவந்த தூதர் என்பது நமக்குத் தெரியவருகிறது. கூற்று, கேட்போர், சூழல் என்ற மூன்றையும் கேட்டால் இந்தக் கவிதை தானாகத் திறக்கும். இரண்டிரண்டு வரியாக முடிவில் இயைபு விழுகிறது, ஆனால் வாக்கியங்கள் வரி முடிவில் நிற்காமல் ஓடுவதால் அது காதில் உறைப்பதில்லை. பிரபுவும் அப்படித்தான்: மேலே மரியாதையான உரையாடல், கீழே எல்லாம் இறுக்கமான கட்டுப்பாட்டில்.

விடை எழுதும்போது "பிரவுனிங் தன் மனைவியைக் கொன்றார்" என்று எழுதிவிடாதீர்கள். சிரிக்கவேண்டாம், இது நடக்கிறது.

டாஃபடில் பூவையே நாங்கள் பார்த்ததில்லை. அந்தக் கவிதையை எப்படி எழுதுவது?

பூவைப் பார்க்கத் தேவையில்லை. உண்மையில் வேர்ட்ஸ்வர்த்தின் அந்தக் கவிதையில் மலைநாட்டுப் பிள்ளைக்குத்தான் முதல் வரி நன்றாகத் தெரியவேண்டும். பள்ளத்தாக்குக்கும் குன்றுக்கும் மேலே மிதக்கிற ஒரு மேகமாகத் தனியாகத் திரிந்தேன் என்கிறார். லிந்துலையிலோ பொகவந்தலாவையிலோ காலையில் மேட்டு லயத்து வாசலில் நின்று பார்த்தால் மேகம் கீழே கிடக்கும். மேலே இருந்து பார்க்கிற தூரம், எதிலும் ஒட்டாமல் நகர்வது, இதெல்லாம் உங்களுக்குப் படம் போட்டு விளக்கவேண்டியதில்லை.

இனி ஒரு செய்தி. 1802 ஏப்ரல் 15ஆம் திகதி ஏரிக்கரையில் அந்தப் பூக்களைப் பார்த்தபோது வேர்ட்ஸ்வர்த் தனியாக இல்லை. தங்கை டாரதி கூடவே நடந்தார். அன்று பார்த்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். கவிதை வெளிவந்தது 1807இல். கவிதையில் தங்கை இல்லை. ஆகவே "தனியாக" என்பது நடந்த சம்பவம் இல்லை, கவிஞர் எடுத்த முடிவு. ஏன் அப்படி எடுத்தார்? நாலாவது பத்தியைப் பாருங்கள். முதல் மூன்று பத்தியும் இறந்தகாலம். நாலாவது திடீரென்று நிகழ்காலத்துக்கு மாறுகிறது: சோபாவில் படுத்திருக்கும்போது அந்தப் பூக்கள் உள்மனக் கண்ணில் மின்னுகின்றன. தொடக்கத்தில் வெறுமையாக இருந்த தனிமை, இப்போது இன்பம் தருகிறது. தங்கையைக் கவிதைக்குள் விட்டிருந்தால் இந்த மாற்றம் நடந்திருக்காது. உள்மனக் கண் பற்றிய அந்த இரண்டு வரியும் தன் மனைவி மேரி தந்தவை என்று வேர்ட்ஸ்வர்த்தே சொல்லியிருக்கிறார். தனிமையைப் பாடுகிற கவிதைக்குப் பின்னால் இரண்டு பெண்கள்! பரீட்சைக்கு இது தேவையில்லை, எனக்குப் பிடித்ததால் சொன்னேன்.

"இயற்கையின் அழகை வர்ணிக்கிறது" என்று மட்டும் எழுதினால், ஞாபகத்தைப் பற்றிய கவிதையைப் பூந்தோட்டத்தைப் பற்றிய கவிதையாக்கிவிடுவீர்கள்.

மீட்டர், ரைம் எல்லாம் குழப்பமாக இருக்கிறது.

தமிழ் யாப்பும் ஆங்கில யாப்பும் வேறு வேறு வழியில் வேலைசெய்கின்றன. நமக்குக் குறில், நெடில், ஒற்று. அதில் இருந்து நேர், நிரை. ஆங்கிலத்தில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பதுதான் கணக்கு. தமிழ்ப் பேச்சில் அந்த அளவு அழுத்தம் இல்லாததால் நம் காதுக்கு அது உடனே பிடிபடாது. அதனால் மேசையில் தட்டிக்கொண்டு சத்தமாக வாசியுங்கள். "ஷல் ஐ கம்பேர் தீ டு எ சமர்ஸ் டே": பத்து அசை, ஐந்து தட்டு. இதுதான் ஐயாம்பிக் பென்டாமீட்டர். பயப்படவைக்கிற பெயர், அவ்வளவுதான்.

நமக்கு எதுகை வரியின் தொடக்கத்தில் வரும், அவர்களுக்கு ரைம் வரி முடிவில், நம் இயைபு மாதிரி. மோனையும் அலிட்டரேஷனும் நெருக்கம்.

ஆனால் தட்டை எண்ணி எழுதுவதற்குப் புள்ளி இல்லை. எங்கே தாளம் மாறுகிறது, அங்கே என்ன நடக்கிறது? ஷேக்ஸ்பியரின் "மக்பெத்" நாடகத்தில் மனைவி இறந்த செய்தி வந்தபின் மக்பெத் சொல்கிற "டுமாரோ, அண்ட் டுமாரோ, அண்ட் டுமாரோ" என்ற வரியை எண்ணுங்கள். பத்து வரவேண்டிய இடத்தில் பதினொன்று. கடைசி அசை அழுத்தமில்லாமல் தொங்குகிறது. முடியாமல் இழுபடுகிற நாட்களைப் பற்றிய வரி, தானும் முடியாமல் இழுபடுகிறது. சூனியக்காரிகள் பேசும்போது தட்டு நாலாகக் குறையும், அதுவும் அழுத்தத்தில் தொடங்கும். மனிதர்களின் பேச்சுத் தாளத்தில் அவர்கள் இல்லை.

ஷேக்ஸ்பியர் புரியவே இல்லை. தமிழில் வாசித்தாலோ படம் பார்த்தாலோ பரவாயில்லையா?

தாராளமாக. கதையை எந்த வழியிலும் தெரிந்துகொள்ளலாம். சுவாமி விபுலாநந்தர் 1926இலேயே ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்து "மதங்க சூளாமணி" எழுதினார். தமிழ் வழியாகப் போவது ஒன்றும் குறுக்குவழி இல்லை. அப்புறம் ஆங்கில மூலத்துக்கு வந்தே ஆகவேண்டும். ஒரு நாளைக்கு இருபது வரி போதும்.

நாடகத்தையும் கவிதை மாதிரியே எழுதலாமா?

அங்கேதான் நிறையப் புள்ளி போகிறது. நாடகத்தில் பேச்சு மட்டும் இல்லை; யார் மேடையில் நிற்கிறார், யார் நுழைகிறார், யாருக்கு என்ன தெரியும், பார்ப்பவருக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் நாடகம்.

மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து பார்த்திருப்பீர்கள். காமன் எரியப்போகிறான் என்பது கூடியிருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ரதிக்கும் பயம் வந்து போகாதே என்கிறாள். தெரிந்துகொண்டேதான் எல்லாரும் இரவு முழுக்க விழித்திருக்கிறார்கள். என்ன நடக்கும் என்ற ஆவல் இல்லை அது. நடக்கப்போவது தெரிந்தும் தடுக்கமுடியாமல் பார்த்துக்கொண்டிருப்பது. டிராஜடி, டிராமாட்டிக் ஐரனி என்று கொப்பியில் எழுதவைக்கிற விஷயத்தை நீங்கள் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நேரில் அனுபவித்திருக்கிறீர்கள்.

அதை வைத்து "மக்பெத்" முதல் அங்கம், நாலாவது காட்சிக்கு வாருங்கள். தன்னை ஏமாற்றிய ஒரு பிரபுவைப் பற்றி டன்கன் அரசர் பேசுகிறார்: முகத்தைப் பார்த்து மனதை அறிய ஒரு வித்தையும் இல்லை, அவனை நான் முழுதாக நம்பினேன். இதைச் சொல்லி முடிக்கிற அதே கணத்தில் மேடைக்குறிப்பு: மக்பெத் நுழைகிறான். பின்னால் தன்னைக் கொல்லப்போகிறவனை அரசர் திரும்பி அன்போடு வரவேற்கிறார். ஏமாந்த கதையைச் சொல்லி வாய் மூடுமுன் அடுத்த ஏமாற்றம் நடந்து வருகிறது. புத்தகத்தில் அந்தக் குறிப்பு சாய்ந்த எழுத்தில் சின்னதாக இருக்கும். பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டவேண்டாம்.

இன்னொன்று. "நல்லது கெட்டது, கெட்டது நல்லது" என்ற பொருளில் சூனியக்காரிகள் முதல் காட்சியிலேயே பாடிவிட்டுப் போகிறார்கள். மக்பெத் நாடகத்தில் வாய்திறந்து சொல்கிற முதல் வரியிலும் அதே இரண்டு சொற்கள் வருகின்றன, இப்படிக் கெட்டதும் நல்லதுமான நாளைப் பார்த்ததில்லை என்று. அவன் அவர்களை இன்னும் சந்திக்கவே இல்லை. அப்படியானால் அவர்கள்தான் அவனைக் கெடுத்தார்களா, ஏற்கெனவே உள்ளே இருந்ததா? கட்டுரை வினாவாக இது பல வடிவில் வரும். ஒரு பக்கம் எடுத்து நில்லுங்கள். "இரண்டும் காரணம்" என்று தப்பித்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

மக்பெத் மனைவி தூக்கத்தில் நடக்கிற காட்சியில் அவள் பேசுவது செய்யுள் இல்லை, உரைநடை. அதுவரை கட்டளை போட்டவள், இப்போது ஒழுங்கான ஒரு வரிகூடக் கட்டமுடியாமல் உடைந்திருக்கிறாள். புத்தகத்தில் வரிகளின் வடிவத்தைப் பார்த்தாலே தெரியும்.

நம் வாழ்க்கையோடு ஒப்பிட்டு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் வித்தியாசத்தையும் எழுதுங்கள். "வெனிஸ் வணிகன்" நாடகத்தில் 3000 டக்கட் கடனுக்கு உடம்பில் ஒரு பவுண்டு சதையை ஈடாக எழுதித்தரும் பத்திரம் வருகிறது. அதைப் படிக்கும்போது நம் முன்னோரைக் கட்டிவைத்திருந்த "துண்டு" நினைவுக்கு வருவது இயல்பு. கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்கு விடுவார்கள் என்பதைக் காட்டுகிற சீட்டு அது. 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒரு துண்டுக் காகிதம் மனித உடம்பைக் கட்டிப்போட முடியும் என்பது உங்களுக்குக் கற்பனை இல்லை.

ஆனால் அப்படியே பொருத்திவிட முடியாது. அன்டோனியோ ஏழைத் தொழிலாளி இல்லை, பெரிய வணிகன். கடன் கொடுத்த ஷைலாக்தான் அந்த ஊரில் ஒதுக்கப்பட்ட இனத்தவன், அன்டோனியோவால் துப்பி அவமானப்படுத்தப்பட்டவன். எங்களுக்குக் கண் இல்லையா, குத்தினால் இரத்தம் வராதா என்று கேட்பவனும் அவனே. நம் கதையில் கடன் கொடுத்தவன் கையில் எல்லா அதிகாரமும் இருந்தது. இங்கே கடன் பத்திரம் ஒன்றுதான் அவனுக்கு இருக்கிற அதிகாரம், அதையும் நீதிமன்றம் பறிக்கிறது. இந்த வித்தியாசத்தை எழுதுகிற பிள்ளை, ஒப்பிட்டதால் நாடகத்தை இன்னும் நன்றாகப் பார்த்திருக்கிறது. வெறும் "இதுபோல மலையகத்திலும் நடந்தது" என்றால் நாடகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

தமிழில் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினால் பிழையா?

பிழையே இல்லை. புத்தகத்தின் ஓரத்தில் தமிழிலேயே குறித்து வையுங்கள். எழுதும்போது சின்ன வாக்கியமாக எழுதுங்கள். நாம் கதையை இறந்தகாலத்தில் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் நூலைப் பற்றி எழுதும்போது நிகழ்காலம்தான் வழக்கம். மக்பெத் கொல்கிறான், பையன் சொல்கிறான். மேற்கோள் நீளமாக வேண்டாம்; மூன்று நாலு சொல் எடுத்து அதைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதினால் போதும்.

நெட்டில் இருக்கிற நோட்ஸ், ஏ.ஐ. எழுதித்தருவது?

வாசித்துப் பாருங்கள், மனப்பாடம் செய்யாதீர்கள். பத்து விடைத்தாளில் ஒரே பத்தி வந்தால் திருத்துகிறவருக்குத் தெரியாமல் போகுமா?

சத்தமாக வாசிக்கச் சொன்னால் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பெர்னாட் ஷாவின் "பிக்மேலியன்" நாடகம், 1913இல் முதலில் மேடையேறியது, முழுக்க இதைப் பற்றித்தான். பூ விற்கிற பெண் எலைசாவின் பேச்சை மாற்றிச் சீமாட்டியாகக் காட்டலாம் என்று ஒரு பேராசிரியர் பந்தயம் கட்டுகிறார். கடைசியில் எலைசா சொல்வது: பூக்காரிக்கும் சீமாட்டிக்கும் வித்தியாசம் அவள் நடந்துகொள்வதில் இல்லை, மற்றவர்கள் அவளை நடத்துவதில் இருக்கிறது. சிரிக்கிறவர்களிடம் அந்த அங்கத்தை வாசிக்கக் கொடுங்கள். பரீட்சை எப்படியும் எழுத்தில்தான்.

இதைப் படித்து என் பிள்ளைக்கு என்ன தொழில் கிடைக்கும்? (ஒரு தந்தை கேட்டது)

நியாயமான கேள்வி ஐயா. உயர்தரத்தில் இதை ஒரு பாடமாக எடுத்துப் பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் படிக்கப் போகலாம். கல்வியியற் கல்லூரி வழியாக ஆசிரியராகலாம். பத்தனையில் இருக்கும் ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. வேறு துறைக்குப் போனாலும், ஒரு கடிதத்தையோ ஒப்பந்தத்தையோ வாசித்து அதில் எழுதாமல் விட்டது என்ன என்று கேட்கத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

நம் ஆட்கள் யாராவது ஆங்கிலத்தில் கவிதை எழுதியிருக்கிறார்களா?

சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் பூண்டுலோயாப் பக்கம் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். ஆசிரியர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். தேயிலைத் தோட்ட வாழ்க்கையை நீண்ட கவிதையாக ஆங்கிலத்தில் எழுதினார், 1954இல் நூலாக வந்தது. சக்தி பால ஐயா அதைத் "தேயிலைத் தோட்டத்திலே" என்று தமிழாக்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். கண்ணீரும் தேயிலையும் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பேசுகிற குரல் எங்கே மாறுகிறது, யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கேட்டுக்கொண்டே போங்கள். பிளேக்கிடம் கேட்ட அதே கேள்விகளை இவரிடமும் கேளுங்கள். நம் ஆள் என்பதற்காகச் சலுகை கொடுக்கவேண்டாம்.